வகுப்பறையில் ஆட்டமும் அசைவும் – ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், சங்கம் கடந்து வந்த பாதையையும், அதற்கு உழைத்த பெரியோர்களின் தொண்டினையும் இம்மலரின் பிற கட்டுரைகள் விரிவாகக் கூறும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது சிறியது போலத் தோன்றும் ஒரு பொருள். ஆயினும் நம் செயற்குழுவில் நெடுநேரம் பேசப்பட்டு முடிவு காணாது நின்ற பொருள். சங்கம் நடத்தும் மாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒயிலாட்டம், கோலாட்டம், பறையாட்டம் ஆகியவற்றைக் கற்பிக்கலாமா, அவற்றின் வாயிலாகப் பாடங்களையும் நடத்தலாமா என்பதே அது.

இளைய ஆசிரியர்கள் வேண்டும் என்றனர். மூத்தோர் சிலர் வேண்டா என்றனர். “பறையைக் கீழே வைத்ததால்தான் நம் பிள்ளைகள் கையில் பலகை வந்தது. பலகையைப் பிடித்த கையில் மறுபடியும் பறையைக் கொடுப்பதா?” என்று ஒரு பெரியவர் கேட்டபோது அவையில் மறுமொழி எழவில்லை. அக்கேள்வி சினத்தில் பிறந்ததன்று, பட்டறிவில் பிறந்தது. ஆதலின் அதனை ஒதுக்கிவிட்டு மேற்செல்ல நம்மால் இயலாது. உலகில் பிற நாட்டார் இவ்வழியில் என்ன செய்தனர், நம் நாட்டில் என்ன நடந்தது, நம் மக்களுக்கு அதனால் விளைந்தது என்ன என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே தக்கது. அந்நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உடல் கற்ற முதற்பாடம்

கல்வி என்றவுடன் நூலும் எழுதுகோலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பள்ளிக்குள் நுழையும் குழந்தை எழுத்தைக் கற்பதற்கு முன்பே வேறொன்றைக் கற்றுவிடுகிறது. எங்கே நிற்பது, எங்கே அமர்வது, எதைத் தொடுவது, எதைத் தொடாதிருப்பது என்பனவே அதன் முதற்பாடம். இப்பாடத்தை எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதுவதில்லை. உடலே அதனைக் கற்றுக்கொள்கிறது.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்தில் ஏனைய மாணவர்களோடு அமர விடப்படவில்லை. வகுப்பின் ஒரு மூலையில், தாமே கொண்டுவந்த கோணிச்சாக்கின் மேல் அவர் அமர்ந்தார். பள்ளியைக் கூட்டும் பணியாளரும் அச்சாக்கைத் தொடமாட்டார். ஆகவே அவர் அதனை மாலைதோறும் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இவற்றை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். திருவிதாங்கூரில் 1910-ஆம் ஆண்டு அய்யன்காளி, பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று அமரச் செய்தார். அச்சிறுமி அமர்ந்ததற்காகப் பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. ஒரு குழந்தை ஒரு பெஞ்சில் அமர்வது எத்துணைப் பெரிய செயல் என்பதை அத்தீ காட்டிற்று.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியும், உரத்துச் சொல்லியும், உடலை அசைத்து முறை வைத்தும் கற்றனர். அசைவோடு கூடிய கல்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் இணைத்து, 1797-இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவிற்று. கடல் கடந்து சென்று ஆங்கில ஏழைக்கு எழுத்தறிவித்த அந்தத் திண்ணை மணல், அதே திண்ணைக்கு ஒரு கூப்பிடு தொலைவில் இருந்த சேரிப் பிள்ளைக்குக் கிட்டவில்லை என்பதையும் நாம் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும்.

மேலை நாட்டார் கண்ட வழி

செருமானிய நாட்டின் பிரீடரிக் பிராபெல் (1782–1852) குழந்தைக் கல்விக்குப் புதுவழி கண்டவர். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைத் தோட்டம் என்று பெயரிட்டார். பாடுதல், வட்டமாய் நின்று ஆடுதல், பறவை போலும் ஆலைச் சக்கரம் போலும் நடித்தல் ஆகிய இயக்க விளையாட்டுகள் அவர் கல்வியின் உயிர்நாடி. விளையாட்டைக் குழந்தையின் தொழிலாகவே அவர் மதித்தார். இதில் அஞ்சுதற்கு என்ன இருக்கிறது என்று நாம் வினவலாம். ஆனால் பிரஷ்ய அரசாங்கம் அஞ்சிற்று. 1851-இல் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. மறு ஆண்டு பிராபெல் மறைந்தார். 1860-இல்தான் அத்தடை நீங்கிற்று. தன் விருப்பப்படி அசையப் பழகிய குழந்தை பின்னர்த் தன் விருப்பப்படி எண்ணவும் பழகும் என்பதை அதிகாரத்தில் இருப்போர் நம்மினும் விரைவில் உணர்ந்துகொள்கின்றனர் போலும்.

இதற்கு நேர்மாறான மற்றொரு வழியும் அந்நூற்றாண்டில் வளர்ந்தது. சுவீடன் நாட்டின் லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென ஒரு நடுவண் நிலையம் அமைத்தார். அவர் முறை உடல்நலம் கருதி எழுந்தது. எனினும் அது படைப்பயிற்சியோடு கலந்து பள்ளிகளுக்கு வந்தபோது ‘டிரில்’ ஆயிற்று. வரிசையில் நில், வலப்புறம் திரும்பு, கையை உயர்த்து, இறக்கு. ஆணை ஒருவருடையது, உடல் பலருடையது. நம் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்ற சொல் இன்றும் வழங்குவது இதன் எச்சமே. கட்டளைக்கு அசையும் உடல், கருத்துக்கு அசையும் உடல் ஆகிய இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்துகொண்டால், நம் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

ஜெனீவா இசைப் பள்ளியில் 1892 முதல் ஆசிரியராயிருந்த எமில் ஜாக்-டால்குரோஸ், தம் மாணவர் இசைக் கணக்கைத் தாளில் பிழையின்றி எழுதியும், அதனைக் காதாற் கேட்டுணர இயலாது தடுமாறுவதைக் கண்டார். தாளத்திற்கேற்ப நடக்கவும் கையசைக்கவும் அவர்களைப் பழக்கினார், தடுமாற்றம் குறைந்தது. 1911-இல் டிரெஸ்டன் நகரை அடுத்த ஹெல்லராவில் இதற்கெனவே ஒரு பள்ளி எழுந்தது. நடனக் கலைஞரான ருடால்ப் லாபன் 1938-இல் இங்கிலாந்து சேர்ந்து, 1948-இல் கல்வியில் நடனத்தின் இடம் பற்றி நூல் எழுதினார். குறிப்பிட்ட ஒரு நடனத்தைப் பார்த்துச் செய்வதன்று அவர் நோக்கம். காலம், எடை, இடம், ஓட்டம் என்னும் நான்கினையும் குழந்தை தன் உடலால் ஆராய்ந்து அறிய வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1952-இல் பிரித்தானியக் கல்வி அமைச்சகமே தொடக்கப் பள்ளிகளுக்கென இயக்கக் கல்வி குறித்த கையேடு வெளியிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தடை செய்யப்பட்ட செயல், அரசாங்கக் கையேட்டில் இடம்பெறும் நிலைக்கு உயர்ந்தது.

பஞ்சமர் பள்ளியில் குழந்தைத் தோட்டம்

செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் பட்ட துயரை ஆட்சியராயிருந்த டிரெமன்கீர் எழுதிய அறிக்கைக்குப் பின், 1893 பிப்ரவரியில் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். நாளடைவில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கிற்று.

அப்பள்ளிகளின் பொறுப்பேற்ற சாரா பாமர் அம்மையாரும் அவர்க்குப் பின் வந்த கோர்ட்ரைட் அம்மையாரும் பிராபெலின் குழந்தைத் தோட்ட முறையை அங்குப் புகுத்தினர். கோர்ட்ரைட் அம்மையார் தம் பட்டறிவை 1906-இல் நூலாகவும் வெளியிட்டார். ஊர்த் தெருவில் நடக்கவும் தயங்கிய பெற்றோரின் பிள்ளைகள், பாட்டோடும் விளையாட்டோடும் கூடிய கல்வியைச் சென்னையில் பெற்ற முன்னோடிகளுள் இருந்தனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. ‘அடித்தாலன்றி இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று பேசிய உலகுக்கு அப்பள்ளிகள் செயலால் விடை கூறின.

எனினும் அவ்வழி அகலப் பரவவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் போன்றவை, ஒரு கூரையும் ஓர் ஆசிரியரும் ஒரு வேளை உணவும் கிடைக்கப் பெரும்பாடு பட்டன. 1920-ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள் பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகவும், அதன் பின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகவும் பெயர் மாறி வளர்ந்தன. அங்கெல்லாம் எழுத்தறிவே தலையாய தேவையாக இருந்தது. ஆட்டமும் பாட்டும் வசதியுள்ளோர் பள்ளிக்கு உரியவை என்ற எண்ணம் மெல்ல மெல்ல நம்மிடையேயும் வேரூன்றிற்று.

வங்கத்தின் இரு சான்றுகள்

1919-இல் சில்ஹெட் சென்ற இரவீந்திரநாத் தாகூர் அங்கு மணிப்புரி நடனத்தைக் கண்டார். உடனே அதனைத் தம் சாந்திநிகேதனப் பள்ளிக்குக் கொணர முனைந்து, புத்திமந்த சிங் என்னும் ஆசிரியரை வரவழைத்தார். நற்குடிப் பெண்கள் ஆடுவதா என்ற பழிச்சொல் அக்காலத்தில் வலுவாய் இருந்தது. 1927-இல் ‘நடீர் பூஜா’ நாடகம் கல்கத்தாவில் அரங்கேறியபோது, தாகூர் தாமே ஒரு வேடம் தாங்கி மேடையில் தோன்றினார். ஒரு மாணவி ஆடுவதற்கு உலகப் புகழ் பெற்ற கவிஞரே உடன் நின்று காவல் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாம் சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. பீர்பூம் மாவட்டத்தில் ஆட்சியராயிருந்த குருசதய் தத், ‘ராய்பேஷே’ என்னும் வீர நடனத்தைக் கண்டு வியந்தார். பாக்தி, பவுரி, டோம் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார் வழிவழியாகக் காத்து வந்த ஆட்டம் அது. 1932-இல் அவர் தொடங்கிய விரதசாரி இயக்கம் அதனையும் பிற நாட்டுப்புற ஆட்டங்களையும் வங்கத்துப் பள்ளிகளுக்குள் கொண்டு சென்றது. உயர்குலச் சிறுவரும் அதிகாரிகளும் சேர்ந்து அவ்வாட்டத்தை ஆடினர். கலை உயர்ந்தது, நன்று. ஆனால் அக்கலையைக் காத்தவர் எத்துணை உயர்ந்தனர்? அவர்தம் பிள்ளைகள் அப்பள்ளியின் எந்தப் பெஞ்சில் அமர்ந்தனர்? கலையை ஏற்றுக் கலைஞனை விலக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆதலால் எந்தத் திட்டம் வந்தாலும் இக்கேள்வியை நாம் கேட்டே தீரவேண்டும்.

அடையாற்றங்கரையில் மூன்று நிகழ்ச்சிகள்

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்ற ஒரு வகுப்பார் நம் பள்ளிகளில் தோன்ற அது வழிவகுத்தது. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் பங்கு கொண்டனர். உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907-இல் தம் முதற்பள்ளியைத் திறந்தவர் அவர். தரையில் வரைந்த கோட்டின் மேல் அடிபிறழாது நடத்தல் போன்ற பயிற்சிகளின் வழியே மனத்தை ஒருமுகப்படுத்தலாம் என்று காட்டியவர். போர்க்காலத்தில் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்த அவருடைய புகழ்பெற்ற நூலொன்று 1949-இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று.

1894-இல் பஞ்சமர் பள்ளி, 1936-இல் நடனப் பள்ளி, 1939-இல் மாண்டிசோரி பயிற்சி. மூன்றும் ஒரே வட்டாரத்தில் நடந்தவை. இம்மூன்றும் ஒன்றாக இணைந்திருந்தால் தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வி எப்படி மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் அவை பெரிதும் தனித்தனி வழியிற் சென்றன. மாண்டிசோரி முறை நாளடைவில் கட்டணம் செலுத்த வல்லவர் பிள்ளைகளின் பள்ளிகளுக்கே உரியதாயிற்று. பரதநாட்டியம் பெருநகர் மேடைகளை அடைந்தது.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நெடிய போராட்டத்தின் பயன் அது. இழிவிலிருந்து பெண்களை விடுவித்த அறச்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆட்டம் என்றாலே மானக்கேடு என்ற அச்சம் எளிய குடும்பங்களில் நெடுநாள் நின்றது. மேல்தட்டுப் பெண் ஆடினால் கலை. உழைக்கும் வீட்டுப் பெண் ஆடினால் பழி. நம் தாய்மார்கள் தம் பெண்பிள்ளைகளை ஆட்டத்திற்கு அனுப்பத் தயங்குவது அறியாமையால் அன்று. இவ்விரட்டை அளவுகோலை அவர்கள் நன்கறிவர்.

பறையின் கதை

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் எண்ணுகிறது. புறநானூற்றில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையும் குடிகளாகப் பெருமையுடன் குறிக்கிறார். பறைதல் என்றால் சொல்லுதல். செய்தி சொன்ன கருவி, செருவுக்கு அழைத்த கருவி, விழாவை அறிவித்த கருவி அது.

பின்னாளில் சாதி இறுகியபோது பறை ஒரு குடியின் கலையாக இருந்த நிலை மாறி, ஒரு குடியின் மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. சாவு வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் அழைத்தபோது வந்து அடிக்க வேண்டும்; கொடுத்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டும்; மறுத்தால் ஊர் விலக்கும் அடியும் உதையும். இவ்வூழியத்தை ஒழிக்க நம் முன்னோர் பல ஊர்களில் பறையடிக்க மறுத்தனர்; சிலர் பறையைக் கொளுத்தவும் செய்தனர். 1927-இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர், இழிவைத் தரும் பழந்தொழில்களைக் கைவிடுமாறு தம் மக்களை வேண்டியதும் இவ்வழிப்பட்டதே. இப்போராட்டம் பழங்கதையன்று. தண்டோரா போடும் வழக்கம் இனித் தேவையில்லை என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022-ஆம் ஆண்டில்தான்.

1990-களில் வேறொரு குரல் எழுந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையையும் பறையையும் விடுதலைக் கருவியாக்கினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள், ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட பறையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினர். அலங்காநல்லூரின் வேலு ஆசான் பல்லாண்டுகள் பறை கற்பித்து, 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பறையைக் கீழே வைத்தவர்களும் மீண்டும் கையில் எடுத்தவர்களும் ஒருவர்க்கொருவர் பகைவர் அல்லர். முன்னவர் கட்டாயத்தை மறுத்தனர். பின்னவர் விருப்பத்தை நிலைநாட்டினர். மறுக்கும் உரிமையை முன்னவர் வென்று தந்திராவிடில், விரும்பும் உரிமை பின்னவர்க்கு வாய்த்திராது.

அரசுப் பள்ளிகளில் அண்மைக் கால மாற்றம்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் வண்டியேறித் தெருவைக் கடந்தபோது, எழுத்தும் அசைவும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது கண்கூடாயிற்று.

2003-இல் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்திய எம்.பி. விஜயகுமார், வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களின் கல்வியில் பெற்ற பட்டறிவையும், ரிஷிவேலிப் பள்ளியின் முறையையும் அடிப்படையாகக் கொண்டார். 2007–08-இல் அது மாநிலம் முழுவதும் பரவிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாய் அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத இடம் வந்தது. ‘கடைசி பெஞ்சு’ என்பதே இல்லாமற் போயிற்று. அம்முறையில் குறைகளும் பேசப்பட்டன. அட்டைகளை நிரப்புவதே கல்வியாகிவிடும் என்ற அச்சமும் எழுந்தது. எனினும் சாக்கில் தனித்து அமர்ந்த பிள்ளையின் வரலாற்றை அறிந்த நமக்கு, அந்த வட்டம் சிறிய செய்தியன்று. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆடல், பாடல், விளையாட்டு ஆகியவற்றுக்கு இடமளித்தது. அவ்வாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறத் தொடங்கிய கலைத் திருவிழாவும் நாட்டுப்புறக் கலைகளுக்கு மேடை தந்தது.

பாடத்துள் ஆட்டம் செயற்படும் விதம்

ஆடினால் கணக்கு வருமா என்று கேட்கும் பெற்றோர்க்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம். தரையில் கோலமாவால் ஒரு நேர்கோடு இட்டு, சுழி முதல் இருபது வரை எண் குறித்து, பிள்ளையை அதன்மேல் குதிக்கச் செய்தால் முன்னே செல்வது கூட்டல், பின்னே வருவது கழித்தல் என்பது காலுக்கே தெரிந்துவிடும். சுழியைத் தாண்டிப் பின்னே சென்றால் குறையெண்.

ஒரு குழு மூன்றுக்கு ஒரு தட்டும், மற்றொரு குழு நான்குக்கு ஒரு தட்டும் அழுத்தித் தட்டினால், இரண்டும் பன்னிரண்டாம் எண்ணிக்கையில் ஒன்று சேரும். மீச்சிறு பொது மடங்கு என்பதைக் காதே கண்டுபிடித்துவிடுகிறது. கோலாட்டத்தில் எட்டு இணைகள் இரு வட்டமாய் நிற்க, உள்வட்டம் மட்டும் ஒவ்வோர் அடவுக்கும் ஓரிடம் நகர்ந்தால், எட்டாம் முறை பழைய இணையே எதிரில் நிற்கும். இருபது முறை நகர்ந்தால் எவர் எதிரில் இருப்பார்? இருபதை எட்டால் வகுத்தால் மீதி நான்கு. நான்காம் இடத்தவரே அவர். வகுத்தலில் மீதி என்பது எதற்கு என்று அப்பிள்ளை பின்னர்க் கேட்காது.

பறையைத் தீயில் காய்ச்சுவது ஏன்? ஈரத்தால் தளர்ந்த தோல் வெப்பத்தால் இறுகும். இறுகிய தோல் விரைந்து அதிரும். விரைந்த அதிர்வு கூரிய ஒலி தரும். ஒலியியலின் முதற்பாடம் இதில் அடங்கியுள்ளது. தமிழ் இலக்கணத்திலும் இவ்வழி உண்டு. மாத்திரை என்னும் கால அளவைத் தொல்காப்பியர் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் அளந்தார். குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு என்று நொடித்துப் பழகும் பிள்ளை, நம் மூத்த இலக்கணியின் வழியிலேயே கற்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறோம். ஆட்டம் எழுத்துக்கு மாற்றன்று. வீட்டில் நூலும் நூல் சொல்லித்தரும் பெற்றோரும் வாய்க்காத பிள்ளைக்குப் பள்ளியே ஒரே வாயில். அங்கே ஆடிவிட்டு எழுதாமற் போனால் அப்பிள்ளை ஏமாற்றப்பட்டதாகும். கோட்டின் மேல் குதித்த கணக்கை அன்றே பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும். அசைவில் தொடங்கி எழுத்தில் முடிவதே பாடம்.

நாம் கொள்ளத் தக்க நெறிகள்

இவ்வரலாற்றை ஆராய்ந்தபின் செயற்குழுவின் முன் சில நெறிகளை வைக்கிறோம். முதலாவது, கட்டாயம் கூடாது. பறையைத் தொட விரும்பாத பிள்ளைக்கு அதனைத் தொடாதிருக்கும் முழு உரிமை உண்டு. அதன் காரணத்தை எவரும் கேட்கலாகாது. இரண்டாவது, எக்கலையும் எச்சாதிக்கும் எப்பாலுக்கும் உரியதெனப் பிரிக்கலாகாது. பள்ளி விழாவில் ஊர்ப் பிள்ளைக்குப் பரதமும் சேரிப் பிள்ளைக்குப் பறையும் என்று பங்கிட்டால், அது கலையன்று. பழைய சாதியே சலங்கை கட்டி வருவதாகும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் கற்க வேண்டும். ஒயிலும் பரதமும் பறையும் ஒரே தரையில் நிகழ வேண்டும். மூன்றாவது, நம் மாணவர் குழுவை அதிகாரிகளின் வரவேற்புக்கோ தலைவர்களின் ஊர்வலத்துக்கோ சாவு வீட்டுக்கோ அனுப்பலாகாது. கற்பதற்காக அடிப்பது வேறு. ஏவலுக்காக அடிப்பது வேறு. நான்காவது, கற்பிக்க வரும் நாட்டுப்புறக் கலைஞரை ஆசிரியர் என்றே அழைத்து, ஆசிரியர்க்குரிய நாற்காலியும் ஊதியமும் அளிக்க வேண்டும். வங்கத்துக் கேள்விக்கு நாம் தரும் விடை அதுவே.

இந்நெறிகளை எழுதி முடித்தபின், முதலில் கேள்வி எழுப்பிய பெரியவரிடம் படித்துக் காட்டினோம். இளமையில் தந்தையோடு பறை சுமந்து சென்றவர் அவர். பின்னர் அதனை உதறித் தம் மக்கள் மூவரையும் படிக்க வைத்தவர். முழுதும் கேட்டபின், “முதல் நெறியை மட்டும் ஒருநாளும் மாற்றிவிடாதீர்கள்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. அவர் சொல்லை நாம் ஏற்கிறோம்.

ஒரு காலத்தில் நம் குழந்தைகள் பள்ளியில் எங்கே அமர்வது என்பதைப் பிறர் முடிவு செய்தனர். இன்று எப்படி அசைவது, எதை ஆடுவது, எதை ஆடாதிருப்பது என்பதை அவர்களே முடிவு செய்யும் ஒரு வகுப்பறையை அமைக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சங்கம் எழுப்பிய சுவர்களுக்குள் அத்தகைய வகுப்பறை அமைய, பெற்றோரும் ஆசிரியரும் சங்க உறுப்பினரும் தம் கருத்தையும் உழைப்பையும் நல்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.